ஜெகன் காருக்குப் பூட்டிய கோன் ஃபில்டர்

ஏற்றத்தில் இறங்கியவர்கள்

மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் பாதையில் ஒரு மடக்கு வளைவு இருக்கிறது. பஸ்ஸே அங்கே முக்கி முனகித்தான் ஏறும். ஒரு நாள் பின்நேரம் அந்த மடக்கில் ஜெகனின் கார் நின்றுபோனது. உள்ளே நான்கு பேர். அதில் ஒருத்தி வயிற்றில் ஒப்பரேஷன் செய்து, ஆஸ்பத்திரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள். எஞ்சின் ஓடுகிறது, வண்டி மட்டும் மேலே போக மாட்டேன் என்கிறது. மற்றவர்கள் இறங்கித் தள்ளினார்கள். அதுவும் போதாமல் கடைசியில் அந்தப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

மறுநாள் நான் கராஜ் கதவைத் திறக்கும்போதே ஜெகன் வாசலில் நின்றான். கையில் பளபளவென்று ஒரு அட்டைப்பெட்டி.

“அண்ணே, இதப் பூட்டிக் குடுங்க. அந்த அக்கா நடந்து போறப்போ என்னால ஸ்டியரிங்க புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியல.”

பெட்டிக்குள் இருந்தது ஒரு கோன் ஃபில்டர். இதை வாசிக்கும் இளைஞர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரியும். மற்றப் பாதிக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்குப் பெற்றோல் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். கார் புதிதாக வரும்போது அந்தக் காற்று ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் காகித ஃபில்டரில் தூசியை விட்டுவிட்டு எஞ்சினுக்குள் போகும். கோன் ஃபில்டர்க்காரர்கள் அந்தப் பெட்டியையே கழற்றிவிட்டு, குழாயின் வாயில் ஒரு கூம்பைத் திறந்தபடி பூட்டச் சொல்கிறார்கள். எண்ணெய் தடவிய சிவப்புப் பருத்தித் துணியால் செய்த கூம்பு. காற்று தாராளமாகப் போகும், வலு கூடும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சத்தம் கூடுவது நிச்சயம். வலு கூடுவது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது.

எனக்கு இந்தச் சாமான்களில் பெரிய மரியாதை கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டினால் கார் வேகமாக ஓடும் என்று நம்புகிற பையன்களை நிறையப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். ஜெகனைத் திட்ட முடியவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

இந்த மாமா எப்ப போவாரு

ஜெகனும் நானும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் சின்ன வயதிலேயே டவுனுக்கு இறங்கி, கராஜ் கராஜாக அலைந்து, ஒருவழியாக எனக்கென்று ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டவன். எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த எல்லோரும் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சு பாஸ், நான் ராஜு பாஸ். இப்போது பொனட்டுக்குள் குனிந்தால் நிமிர நேரம் எடுக்கிறது, ஆகவே பெரும்பாலும் கதிரையில் இருந்துகொண்டு மற்றவர்கள் வேலையில் குறை கண்டுபிடிக்கிறேன். அன்றைக்கு முதுகு நன்றாகத்தான் இருந்தது.

ஜெகன் கத்தாரில் வேலை பார்த்தவன். மகள் தர்ஷி கைக்குழந்தையாக இருந்தபோது போய், அவள் நன்றாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் லீவில் வந்தான். வந்த அன்று பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, “இந்த மாமா எப்ப போவாரு?” என்று கேட்டிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லும்போது அவன் சிரிக்கத்தான் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இனிப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டான். சேர்த்துக் கொண்டுவந்த எல்லாவற்றையும் போட்டு ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினான். தோட்டத்து லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வேறு கார் இல்லை. ஆஸ்பத்திரி, கல்யாணம், கொழும்பு போகிறவர்களை ஸ்டேஷனில் விடுவது என்று வாடகை ஹயர் ஓடினால் குடும்பம் நடக்கும் என்பது அவன் கணக்கு. மனைவி கலா கொழுந்து பறிக்கப் போகிறவள், அவளுடைய சம்பளமும் இருந்தது. ஆனால் கத்தார் கம்பனி அவனுடைய இடத்தை வருடக் கடைசி வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. கார் ஓடினால் இங்கே, ஓடாவிட்டால் அங்கே. அவ்வளவுதான் விஷயம். ஏற்றத்தில் ஆட்களை இறக்கிவிடுகிற காருக்கு யார் ஹயர் கொடுப்பார்கள்?

காரில் எப்போதும் முன் ஆசனத்தில் ஒருவர் இருப்பார். கலாவின் தகப்பன் சுப்பையா. தோட்டத்து ஃபேக்டரியில் எஞ்சின் டிரைவராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். அந்தக் காலத்தில் தேயிலை ஃபேக்டரிக்கு டீசல் எஞ்சின்தான் உயிர், அதற்கு இவர்தான் பொறுப்பு. மருமகனின் காரையும் அப்படியே பொறுப்பெடுத்துக்கொண்டார். காலையில் எழுந்து முதலில் காரைத் துடைப்பார், பிறகுதான் தேத்தண்ணி. ஹயருக்குப் போகும்போது கூடவே ஏறிக்கொள்வார். ஒரு ஆளுக்கான இடம் வீணாகிறதே என்று ஜெகன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

பூட்டிய விதம்

பொனட்டைத் திறந்து பழைய ஏர் கிளீனர் பெட்டியைக் கழற்றியதுமே வண்டி ஏன் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே இருந்த காகித ஃபில்டர் தோட்டத்து ரோட்டுத் தூசியில் அடைத்து, தட்டினால் மண் கொட்டியது. பிளக் நான்கும் கரி. காற்றை எஞ்சினுக்குள் விடுகிற திறாட்டில் வாயில் கறுப்புப் பசை.

“தம்பி, புதுக் காகித ஃபில்டர் ஒண்ணு போட்டு, பிளக்க மாத்தி, திறாட்டில கழுவினா போதும். இந்தக் கூம்பு வேணாம்” என்று சொன்னேன்.

அவனுக்கு அது போதவில்லை. கத்தாரில் கூட வேலை செய்த சிநேகிதன் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்ததாம். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக அவனுக்கு மனமில்லை. எனக்கும் ஒரு சின்ன ஆசை வந்துவிட்டது. ஒழுங்காகப் பூட்டினால் எப்படி இருக்கும், பார்ப்போமே என்று. ஆகவே இரண்டையும் செய்தேன். பிளக் மாற்றினேன், திறாட்டிலைக் கழுவினேன், பிறகு கூம்பைப் பூட்டினேன்.

சும்மா கிளிப் போட்டு இறுக்குகிற வேலை இல்லை அது. காற்றுக் குழாயில் ஏர் ஃப்ளோ சென்சர் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி. எவ்வளவு காற்று வருகிறதென்று அதுதான் எஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு அதற்கேற்ற பெற்றோலை விடும். பெட்டியைக் கழற்றினாலும் அந்த சென்சரை அதே திசையில், அதே நேர்கோட்டில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு அடப்டர் தகட்டை நானே வெட்டினேன். திறந்த ஃபில்டர் எஞ்சின் சூட்டை இழுத்தால் இருக்கிற வலுவும் போய்விடும், ஆகவே அலுமினியத் தகட்டை வளைத்து ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு சுவர் வைத்தேன். முன் பம்பர் பக்கத்திலிருந்து குளிர்காற்று வர ஒரு குழாய் விட்டேன். அதையும் கீழே இறக்கவில்லை, மழைத் தண்ணீர் ஏறிவிடும். பூட்டி முடித்து ஆக்சிலரேட்டரைக் கொடுத்தபோது புர்ரென்று ஒரு உறுமல் வந்தது. ஜெகன் சின்னப் பையன் மாதிரி கையைத் தட்டினான். கூலி வாங்க மறுத்துவிட்டேன். ஒரே தோட்டத்துப் பிள்ளை, தங்கிவிடப் பார்க்கிறான், என் பங்குக்கு இது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போகும்போது ஒன்றைச் சொன்னேன். “இந்த ஃபில்டர நீ தொடாத. வருசத்துக்கு ஒருக்கா எங்கிட்ட கொண்டா. அதுக்குத் தனி மருந்து இருக்கு, தனி எண்ணெய் இருக்கு.” அவன் தலையாட்டினான். அவன் தொடவும் இல்லை.

அன்று அந்த மடக்கை மூன்று பேரை வைத்துக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறியதாக போன் வந்தது. புகழ் முழுவதும் கூம்புக்குப் போனது. உண்மையில் முக்கால்வாசி வேலை பிளக்கும் திறாட்டிலும் செய்தது. அதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். சந்தோஷமாக இருக்கிறவனிடம் பாடம் நடத்துவானேன் என்று விட்டுவிட்டேன். எல்லாப் புகழும் ஒரு சாமானுக்குப் போனால் நாளைக்கு எல்லாப் பழியும் அதற்கே போகும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்தவன் கராஜ்

சில மாதங்கள் நன்றாகப் போயின. டவுனுக்கு வரும்போதெல்லாம் ஹார்ன் அடித்துவிட்டுப் போவான். தர்ஷி இப்போது அப்பா மடியை விட்டு இறங்குவதில்லை, காரில் எங்கே போனாலும் தானும் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள் என்று கலா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துமாரியம்மன் கோயிலுக்கு நான்கு பேருமாக வந்து, திரும்பும்போது என் வீட்டிலும் இறங்கிவிட்டுப் போனார்கள். சுப்பையா வழக்கம்போல முன் ஆசனத்தில்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு அவனைக் காணவில்லை. ஹார்ன் சத்தமும் இல்லை. ஒரு நாள் கண்டி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், ஜெகனின் கார் வேறொரு கராஜில் நிற்கிறது. பொனட் திறந்திருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் கராஜில் நிற்கும் வண்டியை எட்டிப் பார்க்கக்கூடாது. அதற்கு என்ன வருத்தம், என்ன கோளாறு என்று விசாரிக்கவும் கூடாது. சொந்த மைத்துனன் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். கேட்டால் வாடிக்கையை இழுக்கப் பார்க்கிறான் என்று பேச்சு வரும். மாத்தளை டவுனில் பாஸ்மார் எல்லோரும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள், இந்த மரியாதையால்தான் சண்டை இல்லாமல் இருக்கிறோம். நல்ல வழக்கம்தான். நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. மனதில் கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது, மறைக்க மாட்டேன். கூலிகூட வாங்காமல் செய்து கொடுத்தேன், வருத்தம் வந்தால் என்னிடம் வரத் தெரியாதா, போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, அடுத்த கிழமையும் அந்த வழியாகப் போனேன். கார் அங்கேயேதான் நின்றது. நான் ஜன்னலுக்கு வெளியே மறுபக்கம் பார்த்தேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெற்றோல் பம்பை மாற்றினார்களாம், இன்ஜெக்டரைக் கழுவினார்களாம், பெற்றோலில்தான் கலப்படம் என்று டாங்கியையும் இறக்கினார்களாம். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் எஞ்சின் களைத்துவிட்டது, இறக்கி ஓவர்ஹோல் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஜெகனிடம் வழியில்லை. கத்தார் கம்பனி வேறு வருவியா மாட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தது. காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு விமானம் ஏறிவிட்டான். போகும்போது எனக்கு ஒரு போன் எடுத்தான். கார் ஒத்து வரவில்லை அண்ணே என்றான். நானும், சரி தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். இருவரும் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சந்தனப் பொட்டு

காரை வாங்கியவர் யட்டவத்தையைச் சேர்ந்த நஸீர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். மிளகு, கராம்பு, ஏலம் எல்லாம் தோட்டம் தோட்டமாகப் போய் வாங்கி விற்கிற வியாபாரி. எஞ்சின் சரியில்லை என்று தெரிந்தே வாங்கியவர், அது எவ்வளவு சரியில்லை என்று பார்க்க என்னிடம் கொண்டுவந்தார். தரகர் ஒருவர் மூலம் வாங்கியதால், அது முன்னர் யாருடைய கார், யார் கை வைத்த கார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

இப்போது வண்டி என் கராஜுக்குள் நிற்கிறது. இப்போது நான் பார்க்கலாம். பொனட்டைத் தூக்கினேன்.

நான் பூட்டிய கூம்பு நான் பூட்டிய இடத்திலேயே இருந்தது. தகட்டுச் சுவரும் அப்படியே. ஆனால் ஃபில்டர் சிவப்பாக இல்லை. கறுத்து, ஊறி, தொட்டால் விரலில் எண்ணெய் வடிந்தது. அது அதற்குரிய எண்ணெய் அல்ல, எஞ்சின் ஒயில். நன்றாக முக்கி எடுத்துப் பூட்டியிருக்கிறது. மூக்கருகில் கொண்டுபோனால் மண்ணெண்ணெய் வாசம் இன்னும் லேசாக இருந்தது. கூம்பின் முனையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதன் நடுவில் காய்ந்துபோன சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

நான் அந்த ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு மட்கார்டில் சாய்ந்து நின்றேன். நஸீர் நானா என்ன பாஸ், என்ன பாஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

விஷயம் தெளிவாக இருந்தது. ஆயுத பூசைக்குத் தோட்டத்தில் கத்தி, மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, மெஷின் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். ஃபேக்டரி எஞ்சினுக்கும் அன்றைக்குத்தான் பெரிய குளிப்பாட்டல். அந்தப் பழைய டீசல் எஞ்சின்களின் ஏர் கிளீனர் எண்ணெயில் வேலை செய்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி, எஞ்சின் ஒயில் ஊற்றித் திரும்பப் பூட்டினால் அது சந்தோஷமாக ஓடும். அதை வாழ்நாளெல்லாம் செய்தவர் ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். மருமகனின் எஞ்சினுக்கும் அதையே செய்திருக்கிறார். அதைவிட மரியாதையாக அந்தக் காரை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

எண்ணெய் காற்றோடு போய் சென்சர் கம்பியில் படிந்திருந்தது. எண்ணெய் படிந்த கம்பி, காற்று குறைவாக வருகிறதென்று பொய் சொல்லும். கம்ப்யூட்டர் பெற்றோலைக் குறைக்கும். சமதரையில் எப்படியோ ஓடும், ஏற்றத்தில் நாக்குத் தள்ளும். நான் சென்சரைக் கழற்றி, அதற்கென்று விற்கிற ஸ்பிரேயை அடித்துக் காயவைத்தேன். ஃபில்டரை உரிய மருந்தில் கழுவி, உலர்த்தி, அளவாக எண்ணெய் விட்டுப் பூட்டினேன். ஒரு சாமானும் மாற்றவில்லை. வெள்ளோட்டம் விட்டபோது கார் பழையபடி உறுமிக்கொண்டு ஏறியது. நஸீர் நானா என் கையைப் பிடித்துக்கொண்டு கைராசி, கைராசி என்றார். 

போனில்

சொல்லலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். சொன்னால் என்ன பிரயோசனம், அவனுக்கு இன்னும் வயிறு எரியும். சொல்லாமல் இருந்தால் கார் ராசியில்லாதது என்றே நினைத்துக்கொண்டு இருப்பான், திரும்பி வரவே பயப்படுவான். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவனுக்கு வேலை இல்லாத நாளில், போன் எடுத்து, நஸீர் நானா காரைக் கொண்டுவந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

 

“மாமாதான்” என்றான். “பூசைக்குத் தேங்கா பழம் வாங்க நான் பஸ்ல டவுனுக்கு வந்திருந்தேன். திரும்பிப் போறப்போ கார் மாலையோட நிக்குது. கழுவியிருக்காரேன்னு சந்தோசப்பட்டேண்ணே.”

ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன். இத்தனை மாதமாக அடைத்துக்கொண்டிருந்த கேள்வி.

“நீங்க பூட்டின ஃபில்டராலதான் இப்படி ஆச்சின்னு நெனச்சேன். கூலிகூட வாங்காம செஞ்சி குடுத்தீங்க. ஒங்க மொகத்தப் பாத்து எப்படிண்ணே அதச் சொல்றது? அந்த கராஜ்லயும் ஃபில்டர மட்டும் தொடாதீங்க, மத்ததப் பாருங்கன்னுதான் சொன்னேன். அதுல கோளாறுன்னு அவங்க ஒரு வார்த்த சொன்னா அது ஒங்க காதுக்கு வந்துரும்ல.”

 ஃபில்டரைத் திறந்து பார்த்திருந்தால் எந்தப் பாஸுக்கும் விளங்கியிருக்கும். அந்தக் கராஜ்காரர்களைக் குறை சொல்ல முடியாது. தொடாதே என்றால் தொடமாட்டார்கள், அதுவும் இன்னொரு பாஸ் பூட்டியதை. என் மனம் நோகக்கூடாதென்று அவன் காத்த மரியாதையும், அவர்கள் மனம் நோகக்கூடாதென்று நான் காத்த மரியாதையும் சேர்ந்து அவனை விமானத்தில் ஏற்றிவிட்டன. நான் பஸ்ஸை விட்டு இறங்கி, என்னடா தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

வைக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொண்டான். “மாமாவுக்கு இது தெரியவேணாம்ண்ணே. அவரு தாங்க மாட்டாரு.”

அதற்குப் பிறகு சுப்பையா இரண்டொரு தடவை கிளினிக்குக்கு வந்த வழியில் என் கராஜில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தடவை, தான் அவ்வளவு கவனமாகப் பார்த்தும் அந்தக் காருக்கு அப்படி என்னதான் வந்தது என்று கேட்டார். வண்டி பழையது ஐயா, எஞ்சின் தேய்ந்துவிட்டது, வாங்கியவர் அதை இறக்கிச் செய்துதான் ஓட்டுகிறார் என்றேன். நல்ல எஞ்சின் ஒன்றைப் பற்றி அப்படிப் பொய் சொன்னது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கடைசி வரைக்கும் ஏமாற்றிவிட்டதே என்று காரைத்தான் நொந்துகொண்டார்.

நஸீர் நானா கேட்ட வேலை

போன மிளகு சீசனில் நஸீர் நானா காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லையாம். இந்தக் கூம்பைக் கழற்றிவிட்டு, பழைய பிளாஸ்டிக் பெட்டி கிடைத்தால் பூட்டித் தாருங்கள் என்றார். ஏன் நானா, நன்றாக ஏறுகிறதே என்று கேட்டேன்.

“ஏறுது பாஸ். நான் மிளகு எடுக்க எல்கடுவப் பக்கம் போற. அங்க ஒரு லயத்துல ஒரு சின்னப் புள்ள இரிக்கி. இந்த சத்தம் கேட்டா போதும், வாப்பா வந்திட்டாருன்னு நெனச்சி ரோட்டுக்கு ஓடி வருது. என்னப் பாத்ததும் அப்படியே நிக்கிது. எனக்கும் பேரப் புள்ளைகள் இரிக்கி. ஒவ்வொரு கிழமையும் அந்த மொகத்தப் பாக்க ஏலாது. இந்தச் சத்தத்த எடுத்திடுங்க.”

 அந்தக் காரின் பழைய பெட்டி என்னிடமே இருந்தது. அன்றைக்குக் கழற்றியதை எறியாமல் வைத்திருந்தேன். கூம்பைக் கழற்றினேன், அடப்டர் தகட்டைக் கழற்றினேன், சென்சரைப் பழைய இடத்தில் வைத்தேன், புதுக் காகித ஃபில்டர் போட்டுப் பெட்டியை மூடினேன். ஸ்டார்ட் பண்ணினால் கார் ஓடுகிறதா என்றே தெரியாத அமைதி. நஸீர் நானா சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

இதிலிருந்து கற்றதைச் சொல்லாமல் போனால் இதை எழுதியதில் அர்த்தமில்லை. வெளியிலிருந்து வாங்கிய சாமான் எதையாவது ஒரு வண்டிக்குப் பூட்டினால், அதைத் துடைக்கிறவர், கழுவுகிறவர், பூசை செய்கிறவர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லுங்கள். சாவி யார் கையில் இருக்கிறதென்று மட்டும் பார்த்தால் போதாது. வண்டி நன்றாக ஓடும்போது எது அதை ஓட வைத்ததென்று உள்ளதைச் சொல்லுங்கள். கூலியை வாங்குங்கள். கூலி கொடுத்தவன் குறை இருந்தால் வந்து சண்டை பிடிப்பான், சும்மா வாங்கிக்கொண்டவன் வெட்கப்பட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவான். நீங்கள் பூட்டிய வண்டி அடுத்தவன் கராஜில் நின்றால் உள்ளே போங்கள். பேச்சு வந்தால் வரட்டும். நான் இப்போது போகிறேன். இரண்டு பாஸ்மார் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார்கள், எனக்குக் கவலையில்லை.

அந்த மாதக் கடைசியில் ஜெகன் போன் எடுத்தான். வேறு கதையெல்லாம் பேசிவிட்டு, நஸீர் நானா எல்கடுவைக்கு வருவதை விட்டுவிட்டாரா என்று கேட்டான். அப்பா கார் இப்போது வருவதே இல்லை என்று தர்ஷி அழுகிறாளாம்.

“வருது தம்பி” என்றேன். “வாரா வாரம் ஒங்க லயத்தத் தாண்டித்தான் போகுது. சத்தந்தான் இல்ல. நான் அந்த ஃபில்டரக் கழட்டிட்டேன்.”

ஏனென்று அவன் கேட்கவில்லை. விளங்கிக்கொண்டான் என்று நினைக்கிறேன். அந்த ஃபில்டரை எறிந்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டான். இல்லை, கழுவிக் காயவைத்து ராக்கைத் தட்டில் வைத்திருக்கிறேன் என்றேன்.

“வச்சிருங்கண்ணே. அடுத்த வருசம் வந்து வேற கார் எடுப்பேன். அதுக்குப் பூட்டுவோம்.”

சரி என்றேன். போன கிழமை கலா டவுனுக்கு வந்தவள் கராஜுக்கும் வந்தாள். ஜெகன் கத்தார் கம்பனியோடு ஒப்பந்தத்தை இன்னும் நீட்டிவிட்டானாம். என்னிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவளைச் சொல்லச் சொன்னானாம்.